சிவந்த கண்ணும் சிறு மகவும்

புறநானூற்றின் நூறாவது பாட்டு, ஔவையார் அதியமான் நெடுமான் அஞ்சியைப் பாடியது. போர்க்களம் விட்டு வந்த அரசன் தனக்குப் பிறந்த மகனை முதன்முதலாகக் காணும் காட்சியே அப்பாட்டின் பொருள். வேல் இன்னும் அவன் கையைவிட்டு இறங்கவில்லை. வியர்வை உலரவில்லை. கழுத்திற் பட்ட புண்ணில் ஈரம் காயவில்லை. பகைவரைக் கண்டு சிவந்த கண், பெற்ற பிள்ளையைக் காணும்போதும் அச்சிவப்பு மாறாதிருந்தது எனப் புலவர் பாடுகின்றார். வகுப்பறையில் இப்பாட்டு வீரத்தின் புகழ்ச்சியாகவே கற்பிக்கப்படுகின்றது, அது முறையே. ஆனால், பாடம் முடியும் தறுவாயில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, “அந்தக் குழந்தைக்கு அக்கண்கள் எப்படித் தோன்றியிருக்கும்?” என்று கேட்டுவிட்டால் ஆசிரியர் சற்றுத் திகைக்கவே நேரும்.

பாட்டு வீரன் பக்கம் நின்று பாடப்பட்டது. குழந்தையின் பக்கம் நின்று அதே காட்சியைக் காட்ட முயன்ற படைப்பு ஒன்று, தமிழிலக்கியத்தோடு எவ்வகைத் தொடர்பும் இல்லாத ஓரிடத்திலிருந்து வந்திருக்கின்றது. 2024ஆம் ஆண்டு சூன் 14ஆம் நாள் நெட்பிலிக்ஸ் வழி வெளிவந்த ‘அல்ட்ராமேன்: ரைசிங்’ என்னும் அசைவூட்டப் படமே அது. ஷானன் டிண்டல் இயக்க, ஜான் ஆவோஷிமா இணை இயக்குநராய் இருந்தார்.

இலக்கியக் கட்டுரைத் தொகுப்பில் கார்ட்டூன் படத்துக்கு என்ன வேலை என்று முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். திகாம் பத்து, சுங்கைப் பட்டாணி, பீடோங் வட்டாரத்துத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அதியமானைப் பள்ளிக்கூடம்தான் அறிமுகப்படுத்த வேண்டியிருக்கின்றது. அல்ட்ராமேனை எவரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சப்பானியத் தொலைக்காட்சியில் 1966ஆம் ஆண்டு சூலையில் தோன்றிய அவ்வெள்ளியுடல் வீரன், மலேசியத் தொலைக்காட்சிக்கும் வந்து, தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்து லயங்களிலும் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் குடிபுகுந்துவிட்டான். பசார் மாலாமில் அவன் பொம்மை விற்காத இரவு அரிது. நம் நாட்டு ‘உப்பின் இப்பின்’ தொடரிலோ ‘அல்ட்ராமேன் ரிபுட்’ என்று, புயலைக் குறிக்கும் மலாய்ப் பெயரோடு, உள்ளூர் அல்ட்ராமேன் ஒருவனே உருவாகிவிட்டான். பிள்ளைகள் எதைக் கண்டு வளர்கின்றனரோ அதனைத் திறனாய்வு காணாதிருப்பது, வீட்டிலுள்ள தூணைக் காணாமல் நடப்பதற்கு ஒப்பாகும்.

கதை இது. கென் சாத்தோ, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியில் புகழ்பெற்ற பேஸ்பால் ஆட்டக்காரன். அவன் தந்தை ஹயாவோ சாத்தோ, தோக்கியோவைக் காத்துவந்த பழைய அல்ட்ராமேன். கென் சிறுவனாயிருந்தபோதே தாய் எமிக்கோ அவனை அழைத்துக்கொண்டு அமெரிக்கா சென்றுவிட, தந்தை கடமையின் பொருட்டுச் சப்பானிலேயே தங்கிவிட்டார். இப்போது தாயைக் காணவில்லை, தந்தை முதியவர். மகன் நாடு திரும்பி, பகலில் யோமியுரி ஜயண்ட்ஸ் அணிக்கு ஆடிக்கொண்டு, மறைவில் அல்ட்ராமேன் பொறுப்பையும் ஏற்கின்றான். ஏற்கின்றானே ஒழிய விரும்பி ஏற்கவில்லை. தன் புகழைப் பிறரோடு பங்கிட்டுக்கொள்ளத் தெரியாதவன் அவன், அணியிலும் அப்படியே. கைஜூ எனப்படும் பேருரு விலங்குகளை ஒழிப்பதற்கென்று ஒரு படை இருக்கின்றது. அதன் தலைவர் ஒண்டா என்னும் அறிஞர். அப்படைக்கும் ஜைகண்ட்ரான் என்னும் பறக்கும் கைஜூவுக்கும் நடந்த மோதலில் ஒரு முட்டை கென்னின் கையில் வந்து சேர்கின்றது. அது பொரிந்து, உள்ளிருந்து வந்த குஞ்சு முதலிற் கண்ட முகம் அல்ட்ராமேனின் முகம். அக்கணமே அது அவனைப் பெற்றவனாக ஏற்றுக்கொள்கின்றது. அவனோ அதனைத் தன் வீட்டு நிலவறையில் ஒளித்து வளர்க்கின்றான். காணாமற்போன தாயின் பெயரைச் சுருக்கி எமி என்று பெயரிடுகின்றான்.

தீமையை எதிர்த்துப் போரிட வந்தவன், எதிரியின் இனத்துக் குழவிக்கே தந்தையாகின்றான் என்னும் இவ்வமைப்பில்தான் படத்தின் வலிமை முழுவதும் அடங்கியிருக்கின்றது. தன் குருதியிற் பிறந்த பிள்ளையிடம் வீரன் கனிவது புதுமையன்று. பகையென்று கற்பிக்கப்பட்ட ஒன்றன் பிள்ளைக்கு இரவெல்லாம் விழித்திருக்க நேரும்போது, பகை என்ற சொல்லே அவன் வாயில் வேறு பொருள் கொள்ளத் தொடங்குகின்றது.

படத்தின் நடுப்பகுதி முழுதும் குழந்தை வளர்ப்பு. எவ்வளவு உயரமிருந்தாலும் குழந்தை குழந்தைதான். உண்ட மீன் செரிக்காமல் எதிர்க்களித்து வளர்ப்பவன் மேலேயே கக்குகின்றது. உறங்க மறுக்கின்றது, காரணம் புலப்படாமல் அழுகின்றது. கென் தூக்கமின்றி ஆடுகளத்தில் தடுமாறுகின்றான். நாளேடுகளில் ஏச்சு வாங்குகின்றான். சண்டைக் காட்சிகளுக்காகப் படம் பார்க்க அமர்ந்தவர்க்கு இப்பகுதி நீளமாகத் தோன்றலாம். தமிழ் கற்றவர்க்கோ இது பழகிய இடம். பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றின் 188ஆம் பாட்டில், எத்துணைச் செல்வம் இருப்பினும், குறுநடை நடந்து வந்து, உண்கலத்திற் கைவிட்டு, நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளும் மக்கள் இல்லாதவர்க்கு வாழ்நாள் பயனற்றது என்கின்றான். பாடியவன் அரசன், படை நடத்தத் தெரிந்தவன். அவன் தேர்ந்தெடுத்த காட்சியில் குழந்தையின் அழகோ அறிவோ இல்லை. அது செய்யும் அழுக்கே இருக்கின்றது. திருவள்ளுவரும் மக்கட்பேறு அதிகாரத்தில் குழந்தையின் சிறுகை அளாவிய கூழைத்தான் எடுத்தார். அன்பு எங்கே பிடிக்கின்றது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். கென் உடல் முழுதும் மீன்கூழ் வழிய நிற்கும் காட்சி நகைச்சுவைக்காக வைக்கப்பட்டதே. ஆயினும் அவன் உள்ளம் திரும்புவது அவ்விடத்திலிருந்துதான் என்பதை உற்றுநோக்குவோர் காண்பர்.

பேருரு விலங்குப் படங்களில் நகரம் இடிவது வழக்கம். இடியும் நகரம் அச்சத்தின் அடையாளம். இங்கே எமி வீட்டினின்று தப்பி நகருக்குள் ஓடும்போது நேரும் அழிவு அச்சமூட்டுவதில்லை. பிள்ளைத்தமிழ் படித்தவர்க்குச் சிற்றில் சிதைக்கும் பருவமே நினைவுக்கு வரும். அப்பருவம் ஆண்பாற் பிள்ளைத்தமிழுக்கு உரியதாயிற்றே, எமி பெண்ணன்றோ எனப் புலவர் எவரேனும் தடுக்கக்கூடும். தடை ஏற்கத்தக்கதே. எனினும் கால் வைக்குமிடத்தில் யாருடைய வீடு இருக்கின்றது என்று அறியாத பருவம் இருபாலார்க்கும் பொது. படைவீரர்க்கு அது படையெடுப்பாகத் தெரிகின்றது. வளர்த்தவனுக்கு விளையாட்டாகத் தெரிகின்றது. ஒரே நிகழ்ச்சியை இருவேறு கண்கள் காணும் இம்முரணை உரையாடல் இன்றிக் காட்சியாலேயே உணர்த்தியமை இயக்குநரின் திறம்.

அவ்வோட்டத்தில் எமி காயமுறுகின்றது. அதுவரை தந்தையின் தொலைபேசி அழைப்புகளுக்குச் செவி கொடாதிருந்த மகன், அன்றைக்கு அவரை அழைக்கின்றான். ஹயாவோ வருகின்றார். தான் ஏன் பிரிந்திருந்தேன் என்று தன்னை நியாயப்படுத்திக்கொண்டு வரவில்லை; காயத்துக்குக் கட்டுப்போட வருகின்றார். தன் மகனுக்குச் செய்யத் தவறியதை மகனின் வளர்ப்பு மகவுக்குச் செய்கின்றார். அது கண்டே மகன் தந்தையை அறிந்துகொள்கின்றான். படத்தின் உச்சம் இறுதிப் போரன்று. இப்பகுதியே எனல் மிகையாகாது.

கெடா மாநிலத் தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் இவ்விடத்தைக் கடப்பது எளிதன்று. இரப்பர் மரம் பால் நிறையச் சுரப்பது குளிர்ந்த விடியற்பொழுதில். ஆதலின் வானம் வெளுக்குமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். தாயும் தந்தையும் தலைவிளக்கோடு நிரைக்குப் போய்விட, உறக்கம் கலையாத பிள்ளை ஆயாக் கொட்டகையில் விடப்படும். அங்கே ஏணைகள் வரிசையாகத் தொங்கும். ஆயா ஒருத்தி பத்துப் பிள்ளைகளுக்குத் தாயாவாள். மதியத்துக்கு மேல் தந்தை திரும்பும்போது அவன் மேனியில் பால் வாடை இருக்கும், கண் சிவந்திருக்கும். அச்சிவப்புக்குச் சினம் காரணமன்று, தூக்கமின்மை. பிள்ளைக்கு இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாகி, செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் வந்தன. சுங்கைப் பட்டாணித் தொழிற்சாலைகளிலும் பிறை வட்டாரத் தொழிற்சாலைகளிலும் இரவு முறை, பகல் முறை என்று வேலை மாறியது. விடியலில் இல்லாத தந்தை இரவில் இல்லாதவரானார், அவ்வளவே மாற்றம். ‘எனக்காகத்தான் உழைக்கின்றார்’ என்பதைப் பிள்ளை அறியும். ‘என்னோடு இல்லை’ என்பதையும் அறியும். முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மறைக்கும் வழக்கம் கட்டுரை வகுப்பிலும் உண்டு. தந்தையைப் பற்றி எழுதச் சொன்னால் மெழுகுவர்த்தி உவமை வந்துவிடும். அவர் வீட்டில் இல்லாத மாலைப்பொழுது வராது. ஹயாவோவின் கடமையும் உண்மை, கென்னின் ஏக்கமும் உண்மை என்று ஒன்றால் மற்றொன்றை அழிக்காமல் இப்படம் இரண்டையும் வைத்திருக்கின்றது.

இதனைத் தமிழ்த் திரை எவ்வாறு கையாண்டது என்பதையும் ஒப்பிட்டுக் காண்டல் தகும். குற்றவாளிகளை ஒடுக்கும் காவலர் தந்தையாகவும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு 1974ஆம் ஆண்டு வெளிவந்த ‘தங்கப்பதக்கம்’ தந்த விடை கடுமையானது. மகேந்திரன் கதைக்குப் பி. மாதவன் இயக்கத்தில் சிவாஜி கணேசன் நடித்த எஸ்.பி. சௌத்ரி, நாட்டுக்குத் துரோகியான மகனைத் தன் கையாலேயே சுட்டு வீழ்த்துகின்றார். பதக்கம் கிடைக்கின்றது, மகன் இல்லை. அஞ்சியின் சிவந்த கண் அப்படியே காவல் உடைக்குள் புகுந்துவிட்டது எனலாம். மகன் சிறுவனாயிருக்கும்போதே அவனைச் சட்டத்தின் கண் கொண்டு பார்த்த தந்தைமேல் படம் சிறிதளவு ஐயம் எழுப்பத்தான் செய்கின்றது. ஆனால் அவ்வையத்தைச் சிவாஜியின் கம்பீரம் விழுங்கிவிட, கொட்டகை கைதட்டி எழுந்தது. 2016ஆம் ஆண்டு அட்லி இயக்கிய ‘தெறி’ எதிர்த்திசையில் தொடங்கியது. விஜயகுமார் என்னும் காவல் அதிகாரி மனைவியை இழந்தபின், பெயரை மாற்றிக்கொண்டு, கேரளத்தில் பேக்கரி வைத்து, மகள் நிவியை வளர்க்கின்றான். அக்கேரளப் பகுதியின் இன்பம் மறக்கத்தக்கதன்று. ஆனால் தந்தைமை அங்கே ஒளிவிடமாக மட்டுமே இருக்கின்றது. வீரம் திரும்பியவுடன் அது பழைய வீரமாகவே திரும்புகின்றது. பிள்ளை வளர்த்த ஆண்டுகள் அவன் போரிடும் முறையில் எந்தச் சுவடும் பதிக்கவில்லை. சௌந்தர்யா ரஜினிகாந்த் 2014இல் இயக்கிய ‘கோச்சடையான்’ தமிழில் வந்த பெரும் அசைவூட்ட முயற்சி. அதிலும் தந்தை மகன் உறவே கரு. ஆயினும் மகன் தந்தையின் புகழை மீட்கும் கதையாக அது நின்றுவிட்டது.

மேலைப் படங்களில் 2018ஆம் ஆண்டின் ‘இன்கிரெடிபில்ஸ் 2’ மனைவியைப் பணிக்கு அனுப்பிவிட்டு வீரனை வீட்டிற் குழந்தையோடு விட்டது. அவன் படும் பாடு சிரிப்பு மூட்டியது. அதற்கு மேல் அப்படம் ஆழ விரும்பவில்லை. சப்பானிய மரபிலேயே, 1970இல் தொடங்கிய ‘தனித்த ஓநாயும் குட்டியும்’ என்னும் பொருள்படும் படக்கதை, பச்சிளம் மகனைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கொலைத்தொழில் புரியும் வாள்வீரனைக் காட்டியது. அங்கே பிள்ளை தந்தையின் போர்வழியிலேயே சேர்ந்து நடக்கின்றது. கண் சிவந்தபடியே இருக்கின்றது.

‘அல்ட்ராமேன்: ரைசிங்’ இவற்றினின்று பிரியும் இடம் ஒன்றே. இங்கே பிள்ளை வளர்ப்பு வீரனின் கடமைக்கு இடையூறாகத் தொடங்கி, கடமையின் பொருளையே மாற்றுவதாக முடிகின்றது. மனிதர்க்கும் கைஜூவுக்கும் இடையே சமநிலை காப்பதே அல்ட்ராமேன் பணி என்பது தந்தையின் பாடம். கென்னுக்கு அது வெறும் சொல்லாக இருந்தது. தனியே மகளை வளர்க்கும் அமி வாக்கித்தா என்னும் செய்தியாளரிடம், செவ்விக்கு நடுவே, பிள்ளை வளர்ப்பைப் பற்றிச் சுற்றி வளைத்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நாளில்தான் அவன் முதன்முறையாகப் பிறரைக் கேட்கக் கற்கின்றான். அணித்தோழரோடு சேர்ந்து ஆடவும் பின்னர்தான் வருகின்றது.

இனி, பின்வரிசை மாணவியின் வினா. 1966 முதல் அல்ட்ராமேனின் முகம் ஒரு முகமூடி. கண் ஒளிரும்; இமைக்காது, கனியாது. பகைவன் முன்னும் குழந்தை முன்னும் ஒரே கண்தான். எமி முட்டையை விட்டு வந்து கண்டது அந்த மாறாக் கண்ணையே. ஆயினும் அது அஞ்சவில்லை. ஏந்திய கையைக் கொண்டும், தொட்ட மென்மையைக் கொண்டும், திரும்பத் திரும்ப வந்து நின்றதைக் கொண்டும் அது அவனை அறிந்துகொண்டது. முகபாவம் காட்ட வழியற்ற ஒரு தலைவனைத் தந்தையாக்கத் துணிந்ததால், கனிவனைத்தையும் தோளிலும் முதுகின் வளைவிலும் விரல்களிலும் காட்ட வேண்டிய நெருக்கடி கலைஞர்க்கு ஏற்பட்டது. அந்நெருக்கடியே படத்துக்கு நலமாயிற்று.

அஞ்சியிடமும் அக்கை இல்லாமலில்லை. புறநானூற்றின் 92ஆம் பாட்டில் அதே ஔவையார் அதே அஞ்சியிடம், பொருள் விளங்காக் குழந்தை மழலை தந்தைக்கு இனிப்பதுபோலத் தம் சொற்களும் அவனுக்கு இனிப்பதாகக் கூறுகின்றார். அவ்வுவமையை அவனிடம் சொல்லத் துணிந்த புலவர், மழலைக்கு இரங்கும் செவி அவனிடம் உண்டென்பதை அறிந்தே சொல்லியிருத்தல் வேண்டும். சிவந்த கண்ணையும் கனிந்த செவியையும் இரு பாட்டுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றது தொகை நூல். பாடத்திட்டத்தில் ஒன்று இடம்பெற்று மற்றொன்று விடுபடின், அஞ்சியின் பாதியே மாணவர்க்குக் கிட்டும். இரண்டையும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து வைத்துப் படிப்பிக்கும் ஆசிரியர்க்கு இப்படம் நல்ல துணை.

குறைகளும் உள. கென்னிடம் பணம் இருக்கின்றது. பெரிய நிலவறை இருக்கின்றது. மீனா என்னும் பறக்கும் இயந்திரப் பணிப்பெண் இருக்கின்றாள். (பெயர் தமிழ்ச் செவிக்கு வீட்டுப்பெயர் போல் ஒலிப்பது வேடிக்கை.) ஆயாக் கொட்டகையிற் பிள்ளையை விட்டவர்கள் இவ்வசதிகளைக் கண்டு புன்முறுவல் பூப்பர். இரண்டு வேலைகளுக்கு இடையே அலையும் தந்தையின் களைப்பைப் படம் காட்டினும், வேலையை இழந்தால் அடுப்பு எரியாது என்னும் அச்சத்தை அது அறியாது.

இதனினும் பெருங்குறை ஒண்டாவைப் பற்றியது. இருபதாண்டுக்கு முன் ஜைகண்ட்ரான் தாக்கியபோது மனைவியையும் மகளையும் பறிகொடுத்தவர் அவர். கைஜூக்களின் தீவைக் கண்டறிந்து அவ்வினத்தையே அழித்தால்தான் வேறு எவர் பிள்ளையும் சாகாது என்பது அவர் கணக்கு. படத்தில் அஞ்சியின் கண் எவர்க்கு வாய்த்திருக்கின்றது என்றால், ஒண்டாவுக்கே. ஒரு வேறுபாடு: அவர் நோக்குதற்கு மகவு இல்லை. மகவு இருந்த வீரன் மாறினான், மகவை இழந்த வீரன் மாறவில்லை என்னும் இவ்விணைநிலை எவ்வளவு பெரிய நாடகத்துக்கு இடம் தந்தது! கதையாசிரியர் அவ்விடம்வரை வந்துவிட்டுத் திரும்பிவிட்டனர். இறுதியில் ஒண்டா பேரியந்திரம் ஒன்றில் ஏறிப் போரிட்டு, தன்னையே வெடித்தழித்துக்கொள்கின்றார். முதிய தந்தையும் அல்ட்ராமேனாக உருமாறி மகனுக்குத் துணைநிற்கும் அப்போர்க்காட்சி கண்ணுக்கு விருந்துதான். ஆனால் பிள்ளையை இழந்த ஒருவரிடம், பிள்ளை வளர்க்கக் கற்ற மற்றொருவன் பேச வேண்டிய சொற்கள் பேசப்படவே இல்லை. பேசியிருந்தால் ஒண்டா மனம் மாறியிருக்க வேண்டும் என்பதில்லை. மாறாமலே இறந்திருந்தாலும் கேட்பதற்கு அச்சொற்கள் இருந்திருக்கும்.

தாய்மாரை நடத்திய முறையும் அவ்வாறே. எமிக்கோ காணாமற்போனவள், அவள் பெயர் குழவிக்குச் சூட்டப்பட்டது. குழவியைப் பெற்ற ஜைகண்ட்ரானோ படத்தின் பெரும்பகுதியில் மறைந்திருந்து போருக்குத்தான் திரும்பி வருகின்றது. இரு தாய்மாரும் அகன்று இடம் விட்டால்தான் ஆண் தந்தையாக முடியும் என்பது போன்ற இவ்வமைப்பு ‘தெறி’யிலும் உண்டு, அங்கே மித்ரா கொல்லப்பட்டாள். தாய் வீட்டிலிருக்கும்போதே தந்தை ஏணை ஆட்டும் வீரனின் கதையை எழுத இன்னும் எவரும் துணியவில்லை போலும். படத்தின் முடிவுப் பெயர்வரிசைக்கு இடையே எமிக்கோ உயிரோடிருப்பதாக ஒரு குறிப்பு வருகின்றது. அடுத்த படம் ஒன்று வந்து அவள் வீடு திரும்பினால், கென் அப்போதும் அடுக்களைப் பக்கம் போகின்றானா என்று பார்க்கலாம்.